‘ஆயுள் முழுக்க அன்லிமிடெட்’ என்றார்கள், இப்போது ஒரு குறுஞ்செய்தியில் முடித்துவிட்டார்கள்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். மகள் படிவம் 5, இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறாள். சாயங்காலம் ரவிக்கை தைத்து, வாட்சாப்பில் படம் போட்டு விற்கிறார் இவர். பைபர் இன்டர்நெட் கடைத்தெருவோடு நின்றுவிட்டது, தோட்டத்துக் குடியிருப்பான லயத்துப் பக்கம் வரவில்லை. ஆக, இவருடைய கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான் மொத்த வீட்டுக்கும் இன்டர்நெட்.

2019-இல் பட்டணத்துக் கைப்பேசிக் கடை ஒன்றில், மாதம் 68 வெள்ளிக்கு ‘அன்லிமிடெட்’ போஸ்ட்பெய்ட் பிளான் எடுத்தார். “லைனை வைத்திருக்கும் வரைக்கும் இதே விலை, இதே அன்லிமிடெட்” என்றாராம் கடைக்காரர். விளம்பரத் தாளிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் மலாயில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: பழைய பிளான் அடுத்த மாதம் முதல் தேதியோடு நிறுத்தப்படும், அதே 68 வெள்ளிக்கு 60 ஜிபி கொண்ட புதிய பிளானுக்கு நீங்கள் தானாக மாற்றப்படுவீர்கள், 60 ஜிபி முடிந்தால் வேகம் 512 கேபிபிஎஸ்ஸாகக் குறையும், வேண்டுமானால் 98 வெள்ளி பிளானுக்கு மாறலாம். அந்தத் தேதிக்குப் பிறகும் லைனைப் பயன்படுத்தினால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம்.

“என்னிடம் கேட்காமலே என் பிளானை மாற்ற இவர்களுக்கு உரிமை இருக்கிறதா? ‘பில்லைக் கட்டாதீங்க அண்ணி, அப்பதான் புத்தி வரும்’ என்கிறார் என் கொழுந்தனார். கடைக்காரரோ 24 மாத ஒப்பந்தம் போட்டால் போன் இலவசம் என்கிறார். வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் போய்விடும், 500 வெள்ளி அபராதமும் உண்டு என்று பயமுறுத்துகிறார். வழக்குப் போட எங்களுக்கு ஏது பணம்? இன்னொன்று, சிம் ஜொகூரில் இருக்கும் என் அண்ணன் பெயரில் இருக்கிறது. அன்றைக்கு என் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.”

சகோதரி, கடைசி வரியில் சொன்ன அந்த விஷயத்தை நீங்கள் சின்னதாக நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டம் முழுவதுக்கும் ஒரே தொலைபேசி, அது ஆபீசில் கிராணியின் மேசைமேல் இருந்தது. யாராவது செத்தால்தான் அது நமக்காக மணியடிக்கும். அதனால், ‘ஒரு டேட்டா பிளானுக்கா இவ்வளவு கவலை’ என்று நான் கேட்க மாட்டேன். இந்தக் காலத்தில் லயத்து வீட்டில் லைன் போனால் மகளின் வகுப்பும் உங்கள் தையல் வருமானமும் ஒன்றாகப் போகும்.

நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில்: பிளானை அவர்கள் பெரும்பாலும் நிறுத்த முடியும். அது திரும்பி வரும் என்று எதிர்பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். ஆனால் எந்த விதத்தில் நிறுத்தினார்கள், முன்பு என்ன வாக்குக் கொடுத்தார்கள், உங்களை அபராதம் இல்லாமல் போக விடுகிறார்களா, இவை எல்லாம் கேள்வி கேட்கக்கூடியவை. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், பில்லைக் கட்டுங்கள்

கொழுந்தனாரின் கோபம் நியாயம். யோசனைதான் தப்பு. பில்லைக் கட்டாவிட்டால் நிறுவனத்துக்குப் புத்தி வராது, அவர்களுடைய கம்ப்யூட்டர் உங்கள் லைனை அடைக்கும். பாக்கி இருக்கும் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் விடமாட்டார்கள். பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போகும். கடன் விவர நிறுவனங்களின் பதிவிலும் ஏறலாம், அதுவும் உங்கள் பெயரில் இல்லை, அண்ணன் பெயரில். நாளைக்கு அவர் காருக்கு லோன் கேட்டுப் போகும்போது 68 வெள்ளி பாக்கி குறுக்கே நிற்கும். எல்லாவற்றையும்விட, அதுவரை அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார்கள், நீங்கள் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தீர்கள். பில்லைக் கட்டாத நாளிலிருந்து அது தலைகீழாகிவிடும்.

கட்டுங்கள், ஆனால் சும்மா கட்டாதீர்கள். “இந்த மாற்றத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சேவை துண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன். என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை” என்று மின்னஞ்சலில் இரண்டு மூன்று வரி, முதல் தேதிக்கு முன்பே போக வேண்டும். குறுஞ்செய்தியின் அந்தக் கடைசி வரிதான் இதற்குக் காரணம். சும்மா இருந்ததாலேயே ஒருவர் சம்மதித்தார் என்று ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் புதிய நிபந்தனையைத் தெரிந்துகொண்டு, தொடர்ந்து பயன்படுத்தி, மறுபேச்சில்லாமல் பணமும் கட்டினால், அந்த நடத்தையே சம்மதம் என்று வாதிட இடம் கிடைத்துவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என்னுடைய பிளானையும் இப்படித்தான் மாற்றினார்கள். குறுஞ்செய்தியை நான் படித்தது இரண்டு பில் கட்டிய பிறகு. வக்கீலுக்கே இந்தக் கதி.

‘லைனை வைத்திருக்கும் வரைக்கும்’ என்ற வார்த்தை

2019-இல் கடைக்காரர் நீட்டிய டேப்லெட்டில் விரலால் ஒரு கையெழுத்துக் கிறுக்கியிருப்பீர்கள். அந்தக் கிறுக்கலுக்குப் பின்னால் பல பக்க நிபந்தனைகள் உண்டு. ‘முன்னறிவிப்புக் கொடுத்து நாங்கள் எந்தப் பிளானையும் மாற்றலாம், நிறுத்தலாம்’ என்ற வரி அநேகமாக எல்லா நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இருக்கும். பிளானை அவர்கள் பெரும்பாலும் நிறுத்த முடியும் என்று நான் சொன்னது அதனால்தான்.

ஆனால், ‘கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், 2010-இல் வந்த திருத்தம் ‘நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள்’ என்று ஒரு பகுதியையே சேர்த்தது. மிகக் கடுமையான, ஒருதலைப்பட்சமான நிபந்தனை செல்லாது என்று நீதிமன்றமும் பயனீட்டாளர் தீர்ப்பாயமும் சொல்லலாம். இரு தரப்பின் பலம் எப்படி இருந்தது, நிபந்தனை புரியும்படி எழுதப்பட்டதா, பொடி எழுத்தில் ஒளிந்திருந்ததா, பேரம் பேச இடம் இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள். தோட்டத்து ஆயாவுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் நடுவில் பேரம் நடந்திருக்கும் என்று யாரும் நம்பப் போவதில்லை.

அதே சட்டம், ஆளை ஏமாற்றும் விளம்பரத்தையும் பொய்யான வாக்கையும் தடுக்கிறது. இங்கேதான் உங்கள் விளம்பரத் தாள் பேசும். கடைக்காரர் வாயால் சொன்னதை, ‘அவர் எங்கள் ஆள் இல்லை, டீலர்’ என்று நிறுவனம் கைகழுவப் பார்க்கும். அவர்களுடைய சின்னத்தோடு அச்சான தாளை அப்படிக் கைகழுவ முடியாது. அதை இன்றைக்கே இரண்டு பக்கமும் படம் எடுத்து மகனுக்கும் அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், கடைக்காரர் “பார்த்துட்டுத் தரேன்” என்றாலும் சரி. தாளின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் படியுங்கள். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் தளரும். செத்துப்போகாது.

இன்னொரு திருத்தம். ‘அன்லிமிடெட்’ என்றால் அளவு மட்டுமில்லை, வேகமும் குறையாது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நிறுவனங்கள் அப்படிப் பயன்படுத்துவதில்லை. ‘நியாயமான பயன்பாடு’ என்று ஒரு எல்லை வைத்து, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். லைன் அறுந்துபோகாது, அதனால் அவர்கள் கணக்கில் அது அன்லிமிடெட்தான்.

இந்தச் சண்டை ஊருக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2010-இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு அன்லிமிடெட் விற்பதை நிறுத்தியது. பழையவர்களுக்கு விட்டு வைத்தது. ஆனால் குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்களின் வேகத்தைக் கடுமையாகக் குறைத்தது. 2014-இல் அங்குள்ள கூட்டரசு வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2019-இல் நிறுவனம் 60 மில்லியன் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனது. அந்த வழக்கு பிளானை நிறுத்தியதற்காகப் போட்டதில்லை. அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, வேகத்தைக் குறைப்போம் என்பதை உரிய விதத்தில் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. இன்னொரு பெரிய நிறுவனமான வெரைசன் 2016-இல், மாதம் 100 ஜிபிக்கு மேல் இழுக்கும் பழைய அன்லிமிடெட்காரர்களை வேறு பிளானுக்கு மாறச் சொல்லித் தேதி குறித்தது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்ததால் பெரிதாக யாரும் தடுக்கவில்லை. அமெரிக்கச் சட்டம் நம்மைக் கட்டாது. ஆனால் எந்த நூலைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது. ‘ஏன் நிறுத்தினாய்’ என்பதைவிட ‘ஏன் அப்படிச் சொல்லி விற்றாய்’ என்ற கேள்விக்குத்தான் வலு அதிகம். உங்கள் புகாரை அந்தக் கேள்வியை வைத்தே தொடங்குங்கள்.

500 வெள்ளி அபராதம் என்ற பூச்சாண்டி

அபராதம் என்பது குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் ஓடிப்போகிறவர்களுக்கு. 2019-இல் எடுத்த பிளானுக்கு 24 மாதம் என்றே வைத்துக்கொண்டாலும், 2021-லேயே அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் மாதாமாதம் ஓடும் வாடிக்கையாளர், எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. 2021 கடைசியில் நாடு முழுக்க 3ஜி நிறுத்தப்பட்டபோது, பலரைக் கடைக்குக் கூப்பிட்டு சிம்மையும் போனையும் மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களோ அண்ணனோ அப்போது ஏதாவது சலுகைப் போன் வாங்கிக் கையெழுத்துப் போட்டீர்களா? அதற்குப் பிறகு எப்போதாவது? போட்டிருந்தால் ஒப்பந்தக் காலம் அங்கிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கலாம். நிறுவனத்தின் சேவை எண்ணில் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்: “இந்த நம்பரில் ஒப்பந்தம் பாக்கி இருக்கிறதா, எந்தத் தேதி வரைக்கும்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு எடுக்காதீர்கள், புதிய ஒப்பந்தம் போட்டால் அவருக்குக் கமிஷன் உண்டு.

நம்பரும் போகாது. நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி நம் நாட்டில் 2008 முதலே இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பழைய லைனை முதலில் வெட்டிவிட்டுப் போகக் கூடாது. லைன் உயிரோடு இருக்கும்போதே புதிய நிறுவனத்திடம் போய், ‘என் நம்பரை இங்கே கொண்டுவாருங்கள்’ என்று கேட்க வேண்டும். கோபத்தில் கேன்சல் செய்துவிட்டால் நம்பர் கையை விட்டுப் போய்விடும்.

சிம் அண்ணன் பெயரில் இருப்பது

காசு கட்டுவது நீங்கள், பயன்படுத்துவது நீங்கள், ஆனால் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் யாரோ ஒருவர். புகார் செய்தால் ‘கணக்கு உரிமையாளர் பேசட்டும்’ என்பார்கள். நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது பதிவில் இருக்கும் அடையாள அட்டை எண்ணும் விண்ணப்பிப்பவரின் எண்ணும் பொருந்த வேண்டும்.

உடனே பெயரை மாற்றிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பெயர் மாற்றும்போது புதிய ஆளோடு புதிய ஒப்பந்தம் போடுவார்கள். அந்த நிமிஷமே பழைய பிளானும் அதைப் பற்றிய உங்கள் வாதமும் போச்சு. ஆகவே வரிசை இதுதான்: புகாரை அண்ணன் பெயரில், அண்ணனின் மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். எழுதுவது மகளாக இருக்கட்டும், அவளுக்கு மலாய் நன்றாக வரும் என்கிறீர்கள். ‘லைனைப் பயன்படுத்துவது என் தங்கை குடும்பம், இது சம்பந்தமாக அவர் பேச நான் அனுமதிக்கிறேன்’ என்று அண்ணன் ஒரு வரி சேர்க்கட்டும். சண்டை ஒரு முடிவுக்கு வந்த பிறகு, எந்த நிறுவனத்தில் இருந்தாலும், நம்பரை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பேங்க் கணக்கும் இ.பி.எஃப்.பும் இந்த நம்பரில் இருக்கின்றன. அது இன்னொருவர் பெயரில் இருப்பது, அண்ணனே ஆனாலும், நல்லதில்லை.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. பயனீட்டாளர் என்றால் சேவையை வாங்குபவர் மட்டும் இல்லை, பயன்படுத்துபவரும்தான். ஆக, உங்களுக்கு நிற்க இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் வீண் விவாதம் எதற்கு, அண்ணனே முன்னால் நிற்கட்டும்.

ஹாட்ஸ்பாட் போட்டு வீடு முழுக்கப் பயன்படுத்தினோம், புகார் செய்தால் நம் குற்றம் வெளியே வந்துவிடுமோ என்றும் பயப்படுகிறீர்கள். பழைய நிபந்தனையில் ஹாட்ஸ்பாட் கூடாது என்று இருந்தால் அவர்கள் அதைச் சொல்லிக் காட்டலாம். ஆனால் இத்தனை வருஷமும் அது அவர்களுக்குத் தெரிந்தே நடந்தது, மாதாமாதம் பில்லும் வந்தது. குறுஞ்செய்தியிலும் ‘நீங்கள் விதியை மீறினீர்கள்’ என்று சொல்லவில்லை, பிளான் நிறுத்தப்படுகிறது என்றுதான் சொல்கிறார்கள். நீங்களாகப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டாம். கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம்.

எங்கே, என்ன கேட்பது

முதல் படி நிறுவனமேதான். அதைத் தாண்டிக் குதித்தால் மேலே இருப்பவர்கள் ‘முதலில் அங்கே கேட்டீர்களா’ என்று திருப்பி அனுப்புவார்கள். சேவை எண்ணில் கத்துவதைவிட எழுத்தில் கேளுங்கள், புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 2019-இல் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் நிபந்தனைகளின் நகலைக் கேளுங்கள், எந்த நிபந்தனையின் கீழ் பிளானை நிறுத்துகிறீர்கள் என்றும் கேளுங்கள். அப்புறம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘நியாயம் வேண்டும்’ என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம்தான் வரும். மகளின் எஸ்.பி.எம். முடியும் வரை பழைய பிளானை நீட்டிக்க வேண்டும், முடியாவிட்டால் ஹாட்ஸ்பாட் கட்டுப்பாடு இல்லாத பிளானை அதே விலையில் தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் அபராதமின்றி நம்பரோடு போக விட வேண்டும். இப்படி இறங்குவரிசையில் கேளுங்கள். பழைய வாடிக்கையாளர் போய்விடுவார் என்று தெரிந்தால், விளம்பரத்தில் இல்லாத ஒரு சலுகை திடீரென்று வெளியே வரும். பலருக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதில் சரியில்லையென்றால் அடுத்தது மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம், சி.எஃப்.எம். என்பார்கள். 2001-இல் அமைந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான பொதுப் பயனீட்டாளர் நெறியை இதுதான் வகுத்தது. 2003-இல் வந்த அந்த நெறி 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. புகார் கொடுக்கப் பணம் வேண்டாம். அதற்கும் மேலே, நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், எம்.சி.எம்.சி. என்பார்கள். 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற நிறுவனம் பயனீட்டாளரிடம் நியாயமாக நடக்க வேண்டும், புகாரை உரிய முறையில் கவனிக்க வேண்டும் என்கிறது. இந்தப் பிரிவின் எண்ணை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். எண் போட்ட கடிதத்தை ஆபீசில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்.

தமிழில் பேசி உதவி கேட்க வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதலாம்.

வழக்கு என்றால் கோர்ட்டு மட்டும் இல்லை

‘வழக்குப் போட ஏது பணம்’ என்று கேட்டிருந்தீர்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். அங்கே என்னைப் போன்ற ஆட்களுக்குப் பொதுவாக வேலையே கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேச வேண்டும், நிறுவனமும் அப்படித்தான். விசாரணை தொடங்கி 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்பை மதிக்காமல் விட்டால் அது குற்றம்.

ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் நஷ்டம் எவ்வளவு? 68-க்கும் 98-க்கும் வித்தியாசம் மாதம் 30 வெள்ளி, வருஷத்துக்கு 360. ‘மன உளைச்சலுக்கு 10,000’ என்று யாராவது எழுதச் சொன்னால் கேட்காதீர்கள், உள்ளதும் பலவீனமாகும். அப்புறம் காலக்கெடு. பிரச்சினை எழுந்த மூன்று வருஷத்துக்குள் மனு போட வேண்டும். 2019 வாக்கு பழையதாகிவிட்டதே என்று நிறுவனம் சொல்லலாம். வாக்கு உடைந்தது இப்போதுதானே என்பது உங்கள் பதில், நான் அதை நல்ல பதில் என்றே நினைக்கிறேன். ஆனாலும் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும், அண்ணன் ஜொகூரிலிருந்து வர வேண்டும். நிறுவனமும் சி.எஃப்.எம்.மும் கையை விரித்த பிறகு, மனசு ஆறவில்லையென்றால் போங்கள். என்னைக் கேட்டால், எதிர்ப்புக் கடிதம் அனுப்பிய பிறகும் அவர்கள் 500 வெள்ளி அபராதம் கேட்டு அடாவடி செய்தால் மட்டும்தான் நான் போவேன்.

இலவசப் போனும் 98 வெள்ளியும்

கடைக்காரர் சொல்லும் ஒப்பந்தம் மாதம் 118 வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். 24 மாதத்துக்கு 2,832. இப்போது கட்டும் 68-க்கு அதே காலத்தில் 1,632. இலவசம் என்ற போனின் உண்மையான விலை 1,200 வெள்ளி. இரண்டுக்கும் மேலே 6 விழுக்காடு சேவை வரி. அதே போன் வெளிக்கடையில் என்ன விலை என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நன்மையும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்: ஒப்பந்தக் காலம் ஓடும்போது நிறுவனம் பிளானைக் குறைத்தால், ‘எனக்கு மட்டும் அபராதம், உனக்கு இல்லையா’ என்று கேட்க முடியும், நியாயமற்ற நிபந்தனை என்ற வாதம் அப்போது இன்னும் பலமாக நிற்கும். ஆனால் லைன் சரியாகக் கிடைக்காத நிறுவனத்தில் இரண்டு வருஷம் மாட்டிக்கொள்ள அது போதுமான காரணம் இல்லை.

98 வெள்ளி பிளான் வரியோடு 103 வெள்ளி 88 காசு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேட்டா அன்லிமிடெட், ஆனால் ஹாட்ஸ்பாட்டுக்கு 30 ஜிபி மட்டும் என்று கீழே போட்டிருக்கிறது. உங்கள் வீடு ஓடுவதே ஹாட்ஸ்பாட்டில். வரியோடு ஏறக்குறைய 32 வெள்ளி கூடக் கொடுத்தும் மகளின் லேப்டாப்புக்கு ஒரு நாளைக்கு 1 ஜிபிதான். இந்தப் பிளானை எடுக்காதீர்கள்.

68 வெள்ளியின் 60 ஜிபி, நாளைக்கு 2 ஜிபி. சாதாரணத் தரத்தில் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு முக்கால் ஜிபிக்குப் பக்கத்தில் தின்னும், தெளிவான தரத்தில் 3 ஜிபி வரை போகும். வீட்டில் மாதம் 140 ஜிபி போகிறது என்கிறீர்கள், ஆக 13-ஆம் தேதி வாக்கிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு 512 கேபிபிஎஸ் வேகத்தில் 1 ஜிபி இறங்க நாலரை மணி நேரம். வாட்சாப் எழுத்துப் போகும், ரவிக்கைப் படம் மெல்லப் போகும், வகுப்பு வீடியோ போகாது.

நான் சொல்வது, ஒரே சிம்மில் வீட்டைச் சுமப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் நம்பரை மலிவான சின்னப் பிளானுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்கென்று தனியாக, சிம் போட்ட மோடத்தில் ஓடும் வயர்லெஸ் பிராட்பேண்ட் ஒன்று எடுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு வேலை: லயத்தில் அக்கம்பக்கத்தில் யார் யாரிடம் எந்த நிறுவனத்தின் சிம் இருக்கிறது என்று கேட்டு, இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள். பகலில் பறக்கும் லைன் இரவில் தவழும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அத்தனை வீடும் பங்குபோட்டுக்கொள்ளும் நேரம் அதுதான். நிறுவனங்கள் அன்லிமிடெட்டை வெறுப்பதற்கும் அதுதான் காரணம். அதில் பாதி நியாயம், பாதி வியாபாரம். பட்டணத்தில் அல்லது பக்கத்தில் அரசாங்கத்தின் பொது இன்டர்நெட் மையமான ‘நாடி’ இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், முன்பு ‘பெடி’ என்பார்கள். பெரிய பதிவிறக்கங்களை மகள் அங்கே முடித்துக்கொள்ளலாம்.

கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நம்பரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதை மட்டும் எஸ்.பி.எம். தேர்வு நடக்கும் நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள், மாறும்போது லைன் சில மணி நேரம் கிடைக்காமல் போகலாம். அதற்கு முன்போ, கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளோ செய்யுங்கள். அன்றைக்கு அண்ணன் தன் அடையாள அட்டையோடு கடைக்கு வர வேண்டும். உங்களுடையதையும் இந்தத் தடவை மறக்காமல் எடுத்துப் போங்கள்.